கமக்காரருக்குரிய அரசாங்க உதவிகளும் அவற்றைப் பெறும் வழிகளும்

(களுபோவில, அத்திடிய, பெல்லன்வில, பொரலஸ்கமுவ ஆகிய இடங்களிலும் அவற்றின் சுற்றாடலிலுமுள்ள நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு)

முகவுரை

நெற்செய்கைக்கும் மரக்கறிச் செய்கைக்கும் அரசாங்கம் பல்வேறு உதவிகளை வழங்கி வருகின்றது. நல்லின விதை, பசளைக்கான நிதி, பயிர்க் காப்புறுதி, மண் பரிசோதனை, நோய் பீடை பற்றிய ஆலோசனை, முதுமைக் காலத்துக்கான ஓய்வூதியம் என்பன அவற்றுட் சில. ஆயினும் உதவி இருப்பது வேறு. அது கமக்காரரின் கையில் வந்து சேர்வது வேறு. ஒரே வயல்வெளியில் ஒருவர் இவ்வுதவிகள் யாவற்றையும் பெறுகின்றார். அவருக்கு அடுத்த வரம்பிலுள்ளவர் ஒன்றையேனும் பெறுவதில்லை. இருவருக்கும் நிலம் ஒன்றே, மழையும் ஒன்றே. எங்கே, எப்பொழுது, எந்தப் பத்திரத்துடன் செல்ல வேண்டுமென்பதை ஒருவர் அறிந்திருக்கின்றார், மற்றவர் அறிந்திலர்.

களுபோவில இன்று பெரும்பாலும் குடிமனைகள் நிறைந்த இடமாகும். கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை இங்கேயே அமைந்துள்ளது. எனினும் இதன் கிழக்கிலும் தென்கிழக்கிலும் நிலம் தாழ்ந்து சென்று, பெல்லன்வில, அத்திடிய, பொரலஸ்கமுவ ஆகிய இடங்களின் சதுப்பு நிலங்களோடு சேர்கின்றது. இத் தாழ்நிலங்களின் நீர் வெரஸ் கங்கை வழியாகப் பொல்கொடை வாவியை நோக்கிச் செல்லும். முன்னர் நெல் விளைந்த வயல்கள் பல இங்கே கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. எஞ்சியிருக்கும் வயல்களையும் கீரைப் பாத்திகளையும் காப்பாற்றிக் கொள்வதற்கு அரசாங்க உதவிகள் பெருந்துணையாகும். அவற்றைப் பெறும் முறை இங்கு ஒழுங்காக விளக்கப்படுகின்றது.

உதவிகள் தோன்றிய வரலாறு

இலங்கையில் விவசாயத் திணைக்களம் 1912 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. மண்ணரிப்பைத் தடுக்கும் நோக்குடன் மண் பாதுகாப்புச் சட்டம் 1951 ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1996 ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. கமநல சேவைகளுக்கெனத் தனித் திணைக்களம் 1957 ஆம் ஆண்டில் உண்டாயிற்று. அடுத்த ஆண்டில், அப்போதைய விவசாய, உணவு அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம், வாரத்துக்கு வயல் செய்யும் குடிகளின் உரிமைக்குப் பாதுகாப்பளித்தது. பசளை மானியம் 1962 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. நெற் சந்தைப்படுத்தும் சபை 1971 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. இன்று நடைமுறையிலுள்ள முதன்மையான சட்டம் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமாகும்.

பிற நாடுகளிலும் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. அமெரிக்காவில் 1930 ஆம் ஆண்டுகளில் வரட்சியாலும் காற்றாலும் மேல்மண் பறந்து பெருநட்டம் ஏற்பட்டபோது, 1935 இல் மண் பாதுகாப்புக்கென ஒரு சேவை அங்கே ஏற்படுத்தப்பட்டது. அதன் உதவி ஊர்தோறுமுள்ள சிறு அலுவலகங்கள் வழியாகவே கமக்காரரைச் சென்றடைந்தது. இந் நாட்டிலும் முறை அதுவே. தலைநகரிலுள்ள அமைச்சிலிருந்து உதவி நேராகக் கமக்காரரிடம் வருவதில்லை. அவருக்கு அண்மையிலுள்ள அலுவலகத்தின் வழியாகவே வரும். ஆகவே அவ்வலுவலகத்தை அறிந்திருத்தல் முதற் கடமையாகும்.

எக் கருமத்துக்கு எந்த அலுவலகம்?

கமக்காரர் பலர் வீணாக அலைவதற்குக் காரணம், பல திணைக்களங்களின் பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதாகும். அவற்றின் வேறுபாட்டை ஒருமுறை தெளிவாக அறிந்துகொண்டால் பின்னர் மயக்கம் உண்டாகாது.

கமநல அபிவிருத்தித் திணைக்களம்: வயற்காணி இடாப்பு, பசளை நிதி, குத்தகை வாரப் பிணக்குகள், சிறு நீர்ப்பாசன வேலைகள், கமக்காரர் அமைப்புகள், வயலை வேறு தேவைக்குப் பயன்படுத்த அனுமதி ஆகியன இத் திணைக்களத்துக்குரியன. இதன் ஊர் அலுவலகமே கமநல சேவை நிலையம். கமநல வங்கியும் இந்நிலையங்களிலேயே நடைபெறுகின்றது.

மாகாண விவசாயத் திணைக்களம்: 1987 ஆம் ஆண்டில் மாகாண சபைகள் ஏற்பட்டபின், மாகாணத்துக்குட்பட்ட இடங்களில் கமக்காரருக்குப் பயிர் ஆலோசனை வழங்கும் பொறுப்பு மாகாணத்தைச் சேர்ந்தது. களுபோவில மேல் மாகாணத்துக்கு உட்பட்டது. விவசாயப் போதனாசிரியர் இத் திணைக்களத்தின் உத்தியோகத்தராவார்.

மத்திய விவசாயத் திணைக்களம்: பேராதனையைத் தலைமையகமாகக் கொண்டது. ஆராய்ச்சி, புதிய இனங்கள், விதை உற்பத்தி, விதை அத்தாட்சி என்பன இதன் பணிகள். 1920 என்னும் தொலைபேசி எண்ணில் கமக்காரருக்கு ஆலோசனை வழங்குவதும் இத் திணைக்களமே.

கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை: பயிர்க் காப்புறுதியும் கமக்காரர் ஓய்வூதியமும் இதனைச் சேர்ந்தன.

இவற்றுள் முதலிற் செல்ல வேண்டிய இடம் கமநல சேவை நிலையமே. தமது வயல் எந்த நிலையத்தின் எல்லைக்குட்பட்டது என்பதை அறியாதவர், வயல் அமைந்துள்ள பிரிவின் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டறிதல் வேண்டும். களுபோவில தெஹிவளைப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. 1919 என்னும் அரசாங்கத் தகவல் நிலைய எண்ணிலும் அலுவலகங்களைப் பற்றி விசாரிக்கலாம்.

முதற்படி: இடாப்பிற் பெயர் பதிதல்

உதவிகள் யாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது வயற்காணி இடாப்பாகும். எந்த வயல், அதன் பரப்பு எவ்வளவு, உடைமையாளர் யார், பயிரிடுபவர் யார் என்பன இதிற் குறிக்கப்படும். பசளை நிதி வழங்கும்போது உத்தியோகத்தர் இவ்விடாப்பையே நோக்குவர். காப்புறுதி நட்டஈடு கணிக்கும்போதும் இதுவே அடிப்படை. வயலின் உரிமை பற்றிக் குடிக்கும் உடைமையாளருக்கும் பிணக்கு நேரின், எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரை இடாப்பிலுள்ள பதிவு சான்றாக ஏற்கப்படும். ஆனால் இது காணி உறுதிக்கு ஈடாகாது. உறுதி காணியின் உடைமையைக் காட்டும். இடாப்பு அதனைப் பயிரிடுபவரைக் காட்டும்.

இடாப்பிற் பதியாமையால் நேரும் நட்டத்தை ஓர் உதாரணத்தால் விளங்கிக் கொள்ளலாம். ஒரு வயல்வெளியில் இரு கமக்காரர் அருகருகே அரை ஏக்கர் வீதம் வயல் செய்வதாக எடுத்துக் கொள்க. முதலாமவர் பெயர் இடாப்பில் உண்டு. இரண்டாமவர் உடைமையாளரின் வாய்ச்சொல்லை நம்பிப் பத்தாண்டுகளாக வாரத்துக்குச் செய்து வருகின்றார். அவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. விதைத்து ஆறு வாரத்தில் வெள்ளம் வந்து இருவர் வயலையும் மூடுகின்றது. முதலாமவர் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கின்றார். இரண்டாமவர் விண்ணப்பிக்கச் சென்றால், அவ்வயலைச் செய்பவராக உடைமையாளரின் பெயரோ, இறந்துபோன முன்னைய குடியின் பெயரோ இடாப்பிற் காணப்படுகின்றது. அவர் பெறுவது ஒன்றுமில்லை. அதுமட்டுமன்று, சில ஆண்டுகளின் பின் உடைமையாளர் காணியை விற்க முனையும்போது, தாமே அதனைப் பயிரிட்டு வந்தவர் என்பதைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது. பத்தாண்டு உழைப்பு ஒரு நாளில் இல்லையாகிவிடும்.

ஆகவே ஒவ்வொருவரும் பின்வருமாறு செய்தல் வேண்டும்.

1. கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, இடாப்பில் தமது வயலுக்குரிய பக்கத்தைக் காட்டுமாறு கேட்டுப் பார்த்தல்.

2. பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், வயலின் பெயர், பரப்பு என்பன சரியாக உள்ளனவா என ஒப்பிடுதல். பரப்பு ஏக்கர், றூட், பேர்ச்சஸ் கணக்கில் எழுதப்பட்டிருக்கலாம். 40 பேர்ச்சஸ் ஒரு றூட். 4 றூட் ஓர் ஏக்கர். ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் ஒரு ஹெக்டேயர்.

3. பிழையிருப்பின் எழுத்து மூலம் திருத்தம் கேட்டல். கடிதத்தின் பிரதியொன்றில் பெற்றுக்கொண்ட திகதியுடன் ஒப்பம் வாங்கி வைத்துக் கொள்ளல்.

4. குடியாகப் பயிரிடுபவர், வாரம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்தல். பற்றுச்சீட்டு கொடுக்கப்படாவிடின், அயல் வயற்காரரின் சான்றையும் கமக்காரர் அமைப்பின் கடிதத்தையும் பெறுதல்.

5. பயிரிட்டவர் இறந்தால், அவருக்குப்பின் வயலைச் செய்பவர் காலந் தாழ்த்தாது பெயர் மாற்றம் செய்தல். தந்தையின் பெயரிலேயே பல ஆண்டுகள் விட்டுவிடுதல் பெருந்தவறாகும்.

6. ஏக்கர் வரி செலுத்தி அதன் பற்றுச்சீட்டைப் பாதுகாத்தல்.

இரண்டாம் படி: பயிர்ச்செய்கைக் கூட்டம்

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் வயல்வெளிக்குரிய கமக்காரர் யாவரும் ஒன்றுகூடும் கூட்டம் பயிர்ச்செய்கைக் கூட்டம் எனப்படும். சிங்கள மொழியில் இதனைக் கன்னக் கூட்டம் என்பர். வாய்க்கால் துப்புரவாக்கும் நாள், விதைக்கும் நாள், எத்தனை மாத நெல், அறுவடைக்கான கடைசித் திகதி என்பன இங்கே தீர்மானிக்கப்படும். உத்தியோகத்தரும் சமுகமளிப்பர். அப்போகத்தில் வழங்கப்படும் உதவிகள் யாவை, அவற்றுக்கான விண்ணப்பம் எந்நாளுக்குள் சேர வேண்டும் என்பனவும் பெரும்பாலும் இங்கேயே அறிவிக்கப்படும்.

பெரும்போகம் செப்டெம்பர் அல்லது ஒக்டோபரில் தொடங்கி மார்ச் வரையும், சிறுபோகம் ஏப்பிரல் அல்லது மே மாதத்தில் தொடங்கி ஓகஸ்ட் வரையும் செல்லும். ஆதலால் ஓகஸ்ட் மாதத்திலும் மார்ச் மாதத்திலும் கூட்டத் திகதியை விசாரித்து அறிதல் நன்று. கொழும்புச் சுற்றாடல் ஈரவலயத்தைச் சேர்ந்தது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ மழையும் பெருக்கெடுக்கும். எல்லோரும் ஒரே காலத்தில் விதைத்தால் வாய்க்காலையும் வடிகாலையும் ஒருமித்துத் துப்புரவாக்கலாம். பீடைகளும் ஒரு வயலிலிருந்து மறு வயலுக்கு இடையறாது தாவ இடமிராது. தனித்து முந்தியோ பிந்தியோ விதைப்பவரின் வயலிலே எலியும் பறவையும் ஒன்றுசேரும்.

கமக்காரர் அமைப்பில் உறுப்பினராதலும் அவசியம். வாய்க்கால் திருத்தம், மதகு அமைத்தல் போன்ற வேலைகளைத் தனியொருவர் கேட்டுப் பெறுதல் அரிது; பதிவு செய்யப்பட்ட அமைப்பு கேட்டாற் கவனிக்கப்படும்.

மூன்றாம் படி: விதையும் பசளையும்

விதைநெல்லை அரசாங்க விதை விற்பனை நிலையங்களிலிருந்தோ பதிவுபெற்ற விதை உற்பத்தியாளரிடமிருந்தோ வாங்குதல் வேண்டும். அத்தாட்சி பெற்ற விதைப் பையில் இனத்தின் பெயரும் பரிசோதனைத் திகதியும் குறித்த சீட்டுத் தைக்கப்பட்டிருக்கும். அச் சீட்டைப் போகம் முடியும்வரை எறிந்துவிடலாகாது. முளைக்காது போயின் முறையிடுவதற்கு அதுவே சான்று. வீசி விதைப்பதற்கு ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு புசல் விதை போதுமானது.

தாழ்நில வயல்களுக்கு இனத்தைத் தெரிதல் மிக முக்கியம். களுத்துறை மாவட்டத்திலுள்ள பொம்புவெல நெல் ஆராய்ச்சி நிலையம் ஈரவலயத் தாழ்நாட்டின் தேவைகளை நோக்கி வேலை செய்கின்றது. அங்கு உருவாக்கப்பட்ட இனங்கள் "பிடபிள்யூ" என்னும் எழுத்துகளுடன் வழங்கும். பிடபிள்யூ 367 அவற்றுள் ஒன்று. இரும்பு நஞ்சாதலைத் தாங்குந் தன்மையுள்ள இனங்கள் இவற்றுள் உள்ளன. குருநாகல் மாவட்டத்து பத்தலகொடை நிலையத்தின் இனங்கள் "பிஜி" என வழங்கும். தமது வயலுக்கு எது பொருந்தும் என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தீர்மானித்தல் வேண்டும். அயலவர் விதைத்தார் என்பதற்காக மட்டும் ஓர் இனத்தைத் தெரிதல் தகாது.

பசளை உதவியின் உருவம் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. சில ஆண்டுகளில் குறைந்த விலைக்குப் பசளை மூடையாக வழங்கப்பட்டது. சில ஆண்டுகளிற் பணமாக வழங்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை, அவ்வாண்டின் இறுதிக்குள் நீக்கப்பட்டது. 2024/25 பெரும்போகத்துக்கு நெற் கமக்காரருக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா வீதம், இரண்டு ஹெக்டேயர் வரைக்கும் நிதியுதவி அறிவிக்கப்பட்டது. இவ்வாறு மாறுவதனால், சென்ற போகத்தின் தொகையை நம்பிக் கடன் வாங்குதல் கூடாது. நடப்புப் போகத்தின் தொகையையும் நிபந்தனையையும் கமநல சேவை நிலையத்திற் கேட்டறிந்த பின்னரே செலவைத் திட்டமிடுதல் வேண்டும். பணமாக வழங்கப்படும் நிதி வங்கிக் கணக்குக்கே வரும். ஆதலால் பயிரிடுபவரின் சொந்தப் பெயரில் ஒரு கணக்கு இருத்தலும், அதன் இலக்கம் நிலையத்திற் சரியாகப் பதியப்பட்டிருத்தலும் இன்றியமையாதன.

நான்காம் படி: மண்ணைப் பரிசோதித்தல்

பணங் கொடுத்து வாங்கிய பசளை மண்ணுக்கு வேண்டாததாயின், அது வடிகாலோடு ஓடி வாவியைக் கெடுக்கும், கமக்காரருக்கும் நட்டமாகும். மண் பரிசோதனை இதனைத் தவிர்க்கும். விவசாயப் போதனாசிரியர் மூலம் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். மாதிரி எடுக்கும் முறை பின்வருமாறு:

வரம்போரம், எரு குவித்த இடம், மரநிழல் ஆகியவற்றை விலக்குக. வயலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வளைந்து வளைந்து நடந்து, எட்டு அல்லது பத்து இடங்களில் ஆறு அங்குல ஆழம் வரை மண்ணை எடுக்குக. யாவற்றையும் துப்புரவான தாளின்மேற் கொட்டி, கல்லும் வேரும் நீக்கிக் கலக்குக. குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பங்குகளை நீக்குக. அரைக் கிலோ அளவு எஞ்சும்வரை இவ்வாறே செய்க. நிழலில் உலர்த்திப் பையிலிட்டு, பெயர், முகவரி, வயலின் பெயர், முன்னைய பயிர், அடுத்த பயிர் என்பவற்றை எழுதிக் கட்டுக. பசளையிட்ட உடனே மாதிரி எடுத்தல் பயனற்றது; அறுவடையின் பின், அடுத்த போகத்துக்கு முன் எடுத்தலே முறையாகும்.

ஐந்தாம் படி: காப்புறுதியும் ஓய்வூதியமும்

பயிர்க் காப்புறுதிச் சட்டம் 1961 ஆம் ஆண்டில் வந்தது. இப்போதுள்ள சபை 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குகின்றது. நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகிய ஆறு பயிர்களுக்கு வெள்ளம், வரட்சி, காட்டு யானை முதலியவற்றால் உண்டாகும் சேதத்துக்கு நட்டஈடு வழங்கும் திட்டம் நடத்தப்பட்டு வருகின்றது. ஏனைய பயிர்களுக்குக் கட்டணம் செலுத்திக் காப்புறுதி செய்யலாம்.

2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்பு மாவட்டம் பெருவெள்ளத்தைக் கண்டது. அத்தகைய வேளைகளிற் கமக்காரர் நினைவிற் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, சேதம் நேர்ந்த உடனே கமநல சேவை நிலையத்துக்கு எழுத்து மூலம் அறிவித்தல். நீர் வடியும்வரை காத்திருக்கலாகாது. இரண்டாவது, உத்தியோகத்தர் வந்து பார்வையிடும்வரை சேதமடைந்த பயிரை உழுது புரட்டாதிருத்தல். மூன்றாவது, விதைத்த திகதி, விதை வாங்கிய சீட்டு, இயலுமாயின் புகைப்படம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருத்தல்.

கமக்காரர் ஓய்வூதியமும் சமூகப் பாதுகாப்பும் பற்றிய சட்டம் 1987 ஆம் ஆண்டில் நிறைவேறியது. இத் திட்டத்திற் சேர்ந்து ஒழுங்காகக் கட்டணம் செலுத்தியவருக்கு 60 வயதின் பின் ஓய்வூதியம் கிடைக்கும். இளமையிற் சேர்வோருக்குத் தவணைக் கட்டணம் குறைவாயிருக்கும்.

கைவிடப்பட்ட தாழ்நில வயல்கள்

கொழும்பு, கம்பஹா, களுத்துறை மாவட்டங்களில் தரிசாகக் கிடக்கும் வயல்கள் பல. நீர் வடியாமை, இரும்பு நஞ்சாதல், கூலிச் செலவு, வயலைச் சூழக் கட்டடங்கள் எழுந்து வடிகால் அடைபடுதல் என்பன இதற்குக் காரணங்கள். இரும்பு நஞ்சான வயலில் நீரின்மேற் செம்மஞ்சட் படலம் மிதக்கும். கீழ் இலைகளின் நுனியிலிருந்து கபில நிறப் புள்ளிகள் பரவும். வேர் கறுத்துக் குட்டையாகும். நீரை இடையிடையே வடித்து மண்ணுக்குக் காற்றுப் புகவிடுதல், பொட்டாசுப் பசளையைக் குறையாது இடுதல், தாங்குந்தன்மையுள்ள இனத்தை விதைத்தல் என்பன பரிகாரங்களாகும்.

வயலைத் தரிசாக விடுதல் ஒருவரின் நட்டம் மட்டுமன்று. ஒரு வயல் காடானால் அதன் வாய்க்கால் தூர்ந்து, மேல் வயலில் நீர் தேங்கும்; எலியும் களையும் அங்கிருந்து அயல் வயலுக்குப் பரவும். பின்னர் ஒருவர் மண் கொட்டி நிரப்ப முற்படுவார். ஒரு வயல் நிரம்பினால், முன்பு அதில் தங்கிய மழைநீர் அடுத்த வயலிலும் அதற்கடுத்த வீட்டு முற்றத்திலும் ஏறும். இதனாலேயே கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி வயலை நிரப்புதலும், பயிர்ச்செய்கையல்லாத வேறு தேவைக்கு அதனைப் பயன்படுத்துதலும் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளன. அவ்வாறு நடைபெறுவதைக் காண்பவர் உடனே கமநல சேவை நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும். நிரப்பிய மண்ணை அகற்றுவது கடினம். முதல் வண்டி மண் விழும்போதே தடுப்பது எளிது.

நெல்லுக்கு ஏற்காத வயலில் அனுமதி பெற்று வேறு குறுகியகாலப் பயிர்கள் செய்ய இடமுண்டு. நீர் தேங்கும் நிலத்தில் உயர்பாத்தி முறை நற்பயன் தரும். வயலிற் சமாந்தரமாக அகழி வெட்டி, அம்மண்ணை இருபக்கமும் குவித்து மூன்று அல்லது நான்கு அடி அகலமான பாத்திகளாக்குதல் வேண்டும். வழக்கமான வெள்ள மட்டத்துக்கு மேலே பாத்தி நிற்றல் அவசியம். பாத்தியில் வெண்டி, பயிற்றை, கத்தரி, பாகல் என்பவற்றையும், அகழியில் நீரை விரும்பும் கங்குன் கீரையையும் செய்யலாம். களுபோவிலைக்குத் தெற்கே சற்றுத் தொலைவிலுள்ள கெஸ்பேவ நகரப் பகுதியில், கைவிடப்பட்ட வயல்களைப் பாரம்பரிய நெல்லினங்களாலும் உயர்பாத்தி மரக்கறியாலும் மீண்டும் பயிருக்குக் கொண்டுவரும் முயற்சி, மேல் மாகாண விவசாய அமைச்சின் துணையுடன் மேற்கொள்ளப்பட்டது. வயல் வயலாகவே இருந்து வெள்ளநீரையும் தாங்கும். வீட்டுக்கு வருவாயும் தரும் என்பதே அம் முயற்சியின் அடிப்படை.

சரணாலயத்தை அடுத்த நிலங்கள்

பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலம் 1990 ஆம் ஆண்டு யூலை 25 ஆம் நாள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் பரப்பு 372 ஹெக்டேயர். நீர்ப்பறவைகளுக்கு உறைவிடமாயிருப்பதோடு, மழைநீரைத் தேக்கிக் கொழும்பின் தென்பகுதியை வெள்ளத்திலிருந்து காப்பதும் இந்நிலமே. 2018 ஆம் ஆண்டில் கொழும்பு, இராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது.

சரணாலய எல்லைக்குள் நிலமுடையவரும், எல்லையை அடுத்துப் பயிரிடுபவரும், அகழி வெட்டுதல், தாவரங்களை அகற்றுதல் போன்ற வேலைகளைத் தொடங்குமுன் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும். கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இருப்பதால் மட்டும் அங்கே வேலை தொடங்கலாகாது. சதுப்பு நிலத்தைக் காத்தல் கமக்காரருக்கு எதிரானதன்று. சதுப்பு நிரம்பினால் முதலில் மூழ்குவது அதனை அடுத்த வயலே.

மரக்கறிச் செய்கையாளருக்கு

கீரையும் மரக்கறியும் செய்பவர் பலர், தமக்கு அரசாங்க உதவி எதுவுமில்லை எனக் கருதுகின்றனர். பசளை நிதி பெரும்பாலும் நெல்லை நோக்கியது என்பது உண்மையே. ஆயினும் விதை, நாற்று, மண் பரிசோதனை, பயிற்சி வகுப்பு, வீட்டுத்தோட்ட ஊக்கம், பயிர்ச் சிகிச்சை நிலையம் ஆகியன அவருக்கும் உரியன. நோயுற்ற செடியை வேருடன் பிடுங்கி, ஈரத் தாளிற் சுற்றிப் பயிர்ச் சிகிச்சை நிலையத்துக்கோ போதனாசிரியரிடமோ கொண்டு சென்றால், நோய் இன்னதென அறிந்து பரிகாரம் கூறுவர். நோயை அறியாது கடைக்காரர் தரும் மருந்தைத் தெளித்தல் பணத்தையும் உடல் நலத்தையும் கெடுக்கும்.

பீடைநாசினி வாங்கும்போது பதிவு இலக்கமும், தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களும் சீட்டில் உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். பீடைநாசினிகள் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்படுகின்றன. பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன் போன்ற கீரைகள் வெட்டிய அன்றே சமையலுக்குப் போவதால் இவ்விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. கழிவுநீர் கலக்கும் கால்வாயிலிருந்து கீரைக்கு நீர் பாய்ச்சுதல் கூடாது. தொழிற்சாலைக் கழிவு வாய்க்காலில் விடப்படின், 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்படி மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் முறையிடலாம்.

நல்ல கமத்தொழில் நடைமுறைகளைப் பின்பற்றி, தெளித்த மருந்து, இட்ட பசளை, அறுத்த நாள் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருபவர், விவசாயத் திணைக்களத்தின் நற் கமத்தொழில் அத்தாட்சிக்கு விண்ணப்பிக்கலாம். அவ் அத்தாட்சி, வாங்குவோர் நம்பிக்கையைப் பெற உதவும்.

வேறு மாவட்டங்களில் வயலுடையோர்

களுபோவில, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு முதலிய இடங்களில் வயற்காணி உண்டு. வசிக்கும் இடம் எதுவாயினும், வயல் அமைந்துள்ள பிரிவின் கமநல சேவை நிலையமே அவ்வயலுக்குப் பொறுப்பாகும். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது அந்நிலையத்தில் இடாப்பைப் பார்த்து வருதல் நன்று. உறவினரோ குடியோ வயலைச் செய்தால் அவர் பெயரைப் பயிரிடுபவராகப் பதிவதற்கு உடைமையாளர் தடை செய்யலாகாது. அது உடைமையை இழப்பதாகாது. உழைப்பவருக்கு உதவி சென்றடையும் வழியாகும். உதவி கிடைக்கும் வயலே தொடர்ந்து பயிரிடப்படும். தொடர்ந்து பயிரிடப்படும் வயலே காடாகாது நிற்கும்.

உதவி மறுக்கப்படின்

உதவி கிடைக்காதபோது கமக்காரர் மனஞ் சோர்ந்து வீடு திரும்புதல் வழக்கம். அவ்வாறு செய்யாது, மறுப்புக்கான காரணத்தை எழுத்து மூலம் கேட்டல் வேண்டும். ஊர் நிலையத்தில் தீராதது மாவட்டக் கமநல அலுவலகத்துக்கும், அங்குந் தீராதது ஆணையாளர் நாயகத்துக்கும் செல்லலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பயன்பெற்றோர் எவ்வாறு தெரியப்பட்டனர், தமது விண்ணப்பம் எந்நிலையிலுள்ளது என்பன போன்ற தகவல்களை எந்தப் பிரசையும் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவித்தல் வேண்டும்.

மொழி பற்றியும் தயக்கம் வேண்டியதில்லை. தமிழ் மொழி இந் நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் விண்ணப்பிக்கவும், தமிழிலேயே பதில் பெறவும் கமக்காரருக்கு உரிமையுண்டு. விளங்காத பத்திரத்தில் ஒப்பமிடுவதிலும் பார்க்க, தமிழ்ப் படிவத்தைக் கேட்டு ஒரு நாள் தாமதிப்பது மேலானது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. முதலிற் செல்ல வேண்டிய இடம், வயல் அமைந்துள்ள பிரிவின் கமநல சேவை நிலையம்.

2. பயிரிடுபவர் பெயர் இடாப்பில் இல்லையெனில் ஏனைய உதவிகளை எதிர்பார்த்தல் வீண்.

3. ஓகஸ்ட், மார்ச் மாதங்களிற் பயிர்ச்செய்கைக் கூட்டத் திகதியை விசாரிக்குக. கூட்டத்துக்குத் தவறாது செல்க.

4. உதவித் தொகை போகத்துக்குப் போகம் மாறும். கேட்டறிந்த பின்னரே செலவிடுக.

5. விதைச் சீட்டு, வாரப் பற்றுச்சீட்டு, ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, கடிதப் பிரதி ஆகிய யாவற்றையும் ஒரே உறையில் இட்டு நனையாத இடத்தில் வைக்குக.

6. பயிர்ச் சேதத்தை உடனே எழுத்து மூலம் அறிவிக்குக. பார்வையிடுமுன் உழாதிருக்குக.

7. வயலை நிரப்புதல் அனுமதியின்றிச் செய்யத்தகாதது. அயலில் நடப்பதையும் அறிவிக்குக.

8. ஐயம் எழுந்தால் 1920 எண்ணில் விவசாயத் திணைக்களத்தைக் கேட்குக.

இவ்வுதவிகள் எவரும் இரந்து பெற வேண்டியவையல்ல. மக்களின் வரிப்பணத்தால் மக்களின் உணவுக்காக ஏற்படுத்தப்பட்டவை. உரியவர் கேளாதிருந்தால் அவை பயனின்றிக் கழியும். வயலும் ஒவ்வொன்றாகக் கை நழுவும். ஆதலால் அடுத்த போகம் தொடங்குமுன் ஒவ்வொரு கமக்காரரும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, அடையாள அட்டையுடன் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, இடாப்பில் தமது பெயரைத் தமது கண்ணாற் பார்த்து வருவாராக.